படுத்தாலும் முதுகு வலிக்கிறதா? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

முதுகு வலி பற்றி வந்த கடிதங்களில், எலும்பு பலவீனமாவது, புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவுவது, இந்த இரண்டையும் தொட்ட கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: முதுகில் வலி, எக்ஸ்ரேயில் நசுங்கிப்போன ஒரு எலும்பு. ஆனால் வைத்தியம் வேறு, அவசரமும் வேறு.

*என் மாமியாருக்கு 68 வயது. போன மாதம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது முதுகில் மடக்கென்று ஏதோ ஆனது போல இருந்ததாம். கீழே விழவே இல்லை. எக்ஸ்ரேயில் எல்-1 எலும்பு நசுங்கியிருக்கிறது, தேய்மானம் என்கிறார்கள். விழாமலே எலும்பு எப்படி உடையும்? எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், செய்யலாமா? – வாசகி, திருவாரூர்*

நீவ வேண்டாம். மிதிக்கவும் வேண்டாம், சுளுக்கு எடுக்கவும் வேண்டாம். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

'தேய்மானம்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு கோளாறுகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதில்தான் குழப்பமே. மூட்டிலும் டிஸ்கிலும் வருவது ஒரு தேய்மானம், அது நாற்பது ஐம்பதைத் தாண்டிய எல்லோருடைய எக்ஸ்ரேயிலும் கொஞ்சமாவது இருக்கும். உங்கள் மாமியாருக்கு வந்திருப்பது அது இல்லை என்றே தோன்றுகிறது. எலும்பின் உள்ளே இருக்கும் பொருளே குறைந்துபோவது இது, எலும்புப்புரை என்று சொல்வோம். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்தால் உள்ளே நார்க்கூடு இருக்குமே, குளிக்கும்போது தேய்த்துக்கொள்ள வைத்திருப்பார்களே, முள்ளெலும்பின் உட்புறம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பின்னிப் பின்னிப் போன எலும்பு இழைகள். உடம்பு தினமும் பழைய எலும்பைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொண்டே இருக்கிறது. முப்பது வயது வரை வரவு அதிகம், பிறகு மெல்ல மெல்லச் செலவு அதிகம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, அடுத்த ஐந்து முதல் ஏழு வருடங்களுக்குள் எலும்பில் 20 சதவீதம் வரைகூடப் போய்விடலாம். இழைகள் மெலிகின்றன, அப்புறம் ஒன்றோடொன்று இணைப்பு அறுகின்றன. அந்த நிலையில் ஒரு குடம் தண்ணீர் போதும், சிலருக்கு இருமலே போதும்.

அது ஏன் எல்-1, அதாவது இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு? விலா எலும்புகள் பிடித்துக்கொண்டிருக்கும் மேல்முதுகு அதிகம் அசையாது, அதற்குக் கீழே இடுப்புப் பகுதி நன்றாக வளையும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாரம் மொத்தமும் இறங்குகிறது. எலும்பின் முன்பக்கம் நசுங்கிப் பின்பக்கம் நிற்பதால் அது ஆப்பு மாதிரி ஆகிவிடுகிறது, அப்படி இரண்டு மூன்று ஆகும்போதுதான் கூன் விழுகிறது, வயிறு முன்னால் தள்ளுகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி ஆகிறது. இப்படி உடைந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு யாரும் கண்டுபிடிக்காமலே போகின்றன. உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், எப்போதும் கட்டும் அளவில் புடவை கட்டினால் இப்போது தரையில் புரள்கிறதா, பழைய இடத்திலிருக்கும் அடுக்களைப் பரண் எட்டவில்லையா என்று. இளம் வயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் ஏற்கெனவே வேறு எலும்பும் நசுங்கியிருக்கலாம்.

வலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சில நாள் ஓய்வு போதும், மாதக்கணக்கில் படுக்க வைத்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். ஆனால் வலி போய்விட்டதே என்று விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஒரு முள்ளெலும்பு உடைந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரே வருடத்தில் இன்னொன்று உடைகிறது. கால்சியம் மாத்திரை மட்டும் இதைத் தடுக்காது. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட், வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி மாதிரி எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து தேவை. அலெண்ட்ரோனேட் என்றால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபியும் குடிக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். மருந்து தொடங்குவதற்கு முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், தைராய்டு எல்லாம் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்று அடுத்தடுத்த கடிதங்களைப் படித்தால் புரியும்.

*என் அக்காவுக்கு 54 வயது. நான்கு வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக நடு முதுகில் வலி. வாயுப் பிடிப்பு என்று ஒருவர் சொன்னார், மாத்திரையால் எலும்பு பலவீனமாகிவிட்டது என்று இன்னொருவர். இரவில் படுத்தால் வலி அதிகமாகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். புற்றுநோய் திரும்பியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், கோயம்புத்தூர்*

இந்தக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிக்கு முந்தின வரி. எலும்புப்புரையால் உடைந்த முதுகு பெரும்பாலும் நின்றால், நடந்தால், குனிந்தால் வலிக்கும், படுத்தால் 'அப்பாடா' என்று இருக்கும். படுத்தால் அதிகமாகிற வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி வலி, இதெல்லாம் வேறு ஜாதி. புற்றுநோய் ஒருமுறை வந்தவருக்கு இப்படி ஒரு வலி புதிதாக வந்தால் வாயு, பிடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வாரத்திலேயே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுங்கள். வலிக்கும் இடத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது, பல இடங்களில் இருக்கலாம்.

மாத்திரையைச் சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்றவை உடம்பில் மிச்சம் இருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் துடைத்துவிடுகின்றன, அதுதான் அவற்றின் வேலை, அதனாலேயே எலும்பும் வேகமாகக் குறைகிறது. ஆகவே உங்கள் அக்காவுக்கு இரண்டுமே சாத்தியம், இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சாத்தியம். உட்கார்ந்து யோசித்து இதைத் தீர்க்க முடியாது, படம் எடுத்துத்தான் தீர்க்க வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மார்பில் வந்த நோய் முதுகுக்கு ஏன் போகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். 1889-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, நோய் கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் போவதில்லை, விதை ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்றார். முள்ளெலும்பு அப்படிப்பட்ட மண். உள்ளே ரத்தம் ஊறும் செம்மஜ்ஜை, எப்போதும் சுரண்டலும் பூச்சும் நடக்கும் இடம். போகும் வழியும் திறந்தே கிடக்கிறது: முதுகெலும்பைச் சுற்றியிருக்கும் சிரைகளுக்கு வால்வு கிடையாது, நாம் இருமினாலோ முக்கினாலோ அந்த ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும், இதை ஆஸ்கர் பேட்சன் என்ற உடற்கூறியல் அறிஞர் 1940-ல் காட்டினார். எலும்புக்குள் போன புற்றுநோய்ச் செல் நேராக எலும்பைத் தின்பதில்லை. எலும்பைச் சுரண்டும் நம்முடைய சொந்தச் செல்களையே தூண்டிவிடுகிறது. அவை சுரண்டச் சுரண்ட எலும்பில் புதைந்திருக்கும் வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வந்து புற்றுநோய்ச் செல்லுக்கே தீனியாகின்றன. இது மறுபடி தூண்ட, அது மறுபடி சுரண்ட, இப்படியே போகிறது. வயதால் வரும் எலும்பிழப்பிலும் சுரண்டுவது அதே செல்கள்தான். அதனால்தான் எலும்புப்புரைக்குப் போடும் சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகளையே எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும், இன்னும் அடிக்கடி போடுகிறோம்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், எலும்பில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியும். நேராக எடுத்த படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு பக்கமும் கண் மாதிரி இரண்டு வட்டம் இருக்கும், முன்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கும் தூண்கள் அவை. புற்றுநோய் அதில் ஒன்றை அரித்திருந்தால் ஆந்தை ஒரு கண்ணை மூடிக்கொண்ட மாதிரி தெரியும். எலும்புப்புரையில் அந்தக் கண்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் இதெல்லாம் எவ்வளவோ முன்னாலேயே தெரிந்துவிடும், அதிலும் சந்தேகம் இருந்தால் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

ஒருவேளை பரவியிருந்தால், எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய் எலும்பில் மட்டும் பரவியவர்கள் மருந்தோடு பல வருடங்கள் வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து வாழ்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தப் பதில் அச்சில் வருவதற்குள் அக்காவுக்குக் கால் பலவீனமானாலோ, மரத்தாலோ, சிறுநீர் போவது தடைபட்டாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு, அதே நாளில்.

*அப்பாவுக்கு 72 வயது, பிராஸ்டேட் புற்றுநோய். மூன்று மாதம் முதுகு வலி என்றார், ஒருவரிடம் நான்கு முறை நீவிவிட்டோம். ஒருநாள் மாடிப்படி ஏற முடியவில்லை, அடுத்த நாள் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை, சிறுநீரும் நின்றுவிட்டது. பலவீனம் என்று நினைத்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு நான்கு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். பிறகு ஆபரேஷனும் கதிர்வீச்சும் செய்தார்கள். உயிர் இருக்கிறது, கால் வரவில்லை. முன்னாலேயே போயிருந்தால் நடந்திருப்பாரா? – வாசகர், நாகர்கோவில்*

தம்பி, உங்களிடம் மழுப்பிப் பேச எனக்கு மனம் வரவில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம். 2005-ல் லான்செட் இதழில் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், அப்பாவுக்கு ஆனது போல, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடத்தைப் புற்றுநோய் அழுத்தியவர்களுக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் சேர்த்துச் செய்தபோது 84 சதவீதம் பேரும், கதிர்வீச்சு மட்டும் கொடுத்தபோது 57 சதவீதம் பேரும் சிகிச்சைக்குப் பிறகு நடந்தார்கள். ஆனால் கால் முழுதாகச் செயலிழந்து 48 மணி நேரத்தைத் தாண்டியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நசுங்கிய நரம்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் அதற்குக் கெடு மணிக்கணக்கில்தான். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் பிறகும் நடக்கிறார். அதனால்தான் 'மாடிப்படி ஏற முடியவில்லை' என்ற அந்த முதல் நாளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதோடு இதையும் சொல்ல வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமில்லை, உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். பிராஸ்டேட் புற்றுநோய் என்று கண்டுபிடித்த அன்றே, முதுகு வலித்தால், கால் தளர்ந்தால் உடனே வாருங்கள் என்று யாராவது ஒருவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் குளுக்கோஸ் பாட்டிலுக்குப் போயிருக்க மாட்டீர்கள். அப்பாவைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொள்வது நீங்கள்தானே. அந்தப் பழியைச் சுமந்துகொண்டு அதைச் செய்யாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், குதிகால், இடுப்பு, வால் எலும்பு இருக்கும் இடத்தைத் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், தோல் சிவந்து அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். பிராஸ்டேட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் அல்லது விதைப்பையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்றால், ஆண்களுக்கும் அதனால் எலும்பு கரையும். எலும்பு மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

*எனக்கும் பிராஸ்டேட் பிரச்சினைதான். ஸ்கேனில் முதுகெலும்பு 'வெள்ளையாக, அடர்த்தியாக' இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அடர்த்தி என்றால் பலம்தானே? – வாசகர், கடலூர்*

இல்லை. பிராஸ்டேட் புற்றுநோய் எலும்பைக் கரைப்பதைவிட ஒழுங்கில்லாமல் பூசச் செய்கிறது. கொத்தனார் நூல் பிடிக்காமல் கலவையை அப்பினால் சுவர் கனமாக இருக்கும், உறுதியாக இருக்காது. அந்த எலும்பும் உடையும். மருத்துவரைப் பாருங்கள்.

*எனக்கு 61 வயது, லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக முதுகு வலி, இரண்டு எலும்பு நசுங்கியிருக்கிறது. ரத்தம் 8 கிராம்தான் இருக்கிறது. கிரியாட்டினினும் கூடியிருக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறேன். இப்போது ஒரு டாக்டர் எலக்ட்ரோபோரெசிஸ் என்று ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். முதுகு வலிக்கு எதற்கு இது? வீண் செலவா? – வாசகர், திருச்சி*

வீண் செலவே இல்லை. அந்த டாக்டர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். இன்றைக்கே அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள், டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக் மாதிரி மாத்திரைகள் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். வலிக்கு வேறு மருந்து இருக்கிறது, அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

61 வயது ஆணுக்கு, விழாமல் கொள்ளாமல் இரண்டு முள்ளெலும்பு நசுங்குவதை 'வயசு' என்று விட முடியாது. ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ மாதக்கணக்கில் எடுத்தீர்களா என்பது ஒரு கேள்வி (ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் பெயர் தெரியாத பொடியிலும் அது கலந்து வருவதுண்டு). எலும்போடு ரத்தசோகையும் சிறுநீரகமும் சேர்ந்தால் மைலோமாவைத் தேட வேண்டும். இது எங்கிருந்தோ பரவி வருவதில்லை, மஜ்ஜையிலேயே பிறக்கும் புற்றுநோய். நோய் எதிர்ப்புப் பொருள் செய்யும் பிளாஸ்மா செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, ஒரே வகைப் புரதத்தைக் கொட்டுகின்றன. எலக்ட்ரோபோரெசிஸில் அது கூர்மையான ஒரு பட்டையாகத் தெரியும். மைலோமா எலும்பைச் சுரண்டவும் விடும், பூசுகிற செல்களை வேலை செய்யவும் விடாது. அதனால் புதிய எலும்பு உருவாவதைக் காட்டும் வழக்கமான போன் ஸ்கேனில் இது அகப்படாமல் போகலாம். கால்சியம் ரத்தத்தில் ஏறினால் தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு வரும், அப்படி இருந்தால் தாமதிக்காதீர்கள். இப்போது இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

*தம்பிக்கு 29 வயது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'தொற்று அல்லது பரவிய புற்றுநோய்' என்று எழுதியிருக்கிறது. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. – வாசகி, வேலூர்*

சாப்பிடுங்கள். இந்த வயதில், நம் நாட்டில், காசநோயின் வாய்ப்பே அதிகம். முதுகெலும்புக் காசநோயை பெர்சிவல் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1779-லேயே விவரித்துவிட்டார், இன்றும் நம்மிடம் சாதாரணமாக வருகிறது. ஒரு பொதுவான அடையாளம்: புற்றுநோய் எலும்பை அரிக்கும், நடுவிலிருக்கும் டிஸ்கைப் பெரும்பாலும் விட்டுவிடும். தொற்று டிஸ்கையும் சேர்த்து அழித்து அடுத்தடுத்த இரண்டு எலும்பைப் பிடிக்கும். காசநோயில் சில சமயம் டிஸ்க் தப்பிவிடுவதால், இதை மட்டும் நம்பாமல் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். காசநோய் என்றால் ஒரு வருடமோ அதற்கு மேலோ மாத்திரை, பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். இதிலும் கால் தளர்ந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரிதான்.

*நசுங்கிய எலும்பில் சிமெண்ட் ஊசி போட்டால் உடனே எழுந்து நடக்கலாமாமே? – வாசகி, மதுரை*

பல் செட் செய்கிற அக்ரிலிக் வகைப் பொருளைத்தான் சிமெண்ட் என்கிறோம். 2009-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், எலும்புப்புரையால் உடைந்தவர்களில் ஒரு பாதிக்கு உண்மையான சிமெண்டும் மறு பாதிக்குச் சிமெண்ட் இல்லாமல் வெறும் பாவனைச் சிகிச்சையும் செய்து பார்த்ததில், வலி இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் குறைந்தது. ஆகவே உடைந்த மறுநாளே அவசரப்பட்டு, கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டியதில்லை. புற்றுநோயாலோ மைலோமாவாலோ நசுங்கி, வலி தாங்க முடியாதவர்களுக்கு இது நன்றாகவே உதவுகிறது.

*அம்மாவுக்கு எலும்புக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி மூன்று முறை போட்டோம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் மைனஸ் 3.1 இருந்தது மைனஸ் 2.4 ஆகிவிட்டது, நல்லாயிட்டது என்று நிறுத்திவிட்டோம். கடைசி ஊசி போட்டுப் பத்து மாதம் ஆகிறது. போன வாரத்திலிருந்து முதுகு வலி. – வாசகர், ஈரோடு*

இந்த ஊசியை அப்படி நிறுத்தக் கூடாது. மைனஸ் 2.5-க்கும் கீழே எலும்புப்புரை என்பது சரிதான், ஆனால் அதைத் தாண்டியதும் நோய் போய்விட்டது என்று கணக்கில்லை. டெனோசுமாப் எலும்பைச் சுரண்டும் செல்களை அடக்கி வைக்கிறது, மருந்தின் வேகம் இறங்கியதும் அவை ஒட்டுமொத்தமாகக் கிளம்பி, சேர்த்த எலும்பைச் சில மாதங்களில் கரைத்துவிடும். ஒன்றல்ல, இரண்டு மூன்று முள்ளெலும்புகள் சேர்ந்தே நசுங்குவதுண்டு. ஏழு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, நிறுத்தத்தான் வேண்டும் என்றால் வேறு எலும்பு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முதுகெலும்பு முழுவதற்கும் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுங்கள், கடைசி ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பல் எதையாவது பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இந்த ஊசி போடும்போது தாடை எலும்பையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அதுவரை அம்மா குடம் தூக்க வேண்டாம், குனிந்து கோலம் போட வேண்டாம்.